வஸ்து கிரயத்துக்கு முந்தின நாள் கணக்கு எண் மாறி வந்தால்: பணம் அனுப்பும் கட்டத்தில் கவனிக்க வேண்டியவை

#1 வேளிமலை

வஸ்து (நிலம், வீடு) வாங்கும்போது பட்டா, வில்லங்கச் சான்று, முன் ஆவணம், தீர்வை ரசீது என்று எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்க்கிறோம். அச்சாரம் கொடுத்து ஒப்பந்தமும் எழுதியாகிவிடும். பதிவுக்கு ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கு, மீதித் தொகையை இந்தக் கணக்குக்குப் போடுங்க, ஆடிட்டர் சொன்னாரு." கூடவே ஒரு கேன்சல் செக் படம். வந்த எண் விற்பவருடையதுதான், முகப்புப் படமும் அவருடையதுதான். நம்பிப் பணத்தைப் போட்டுவிட்டுப் பத்திர ஆபீசுக்குப் போனால், விற்பவர் "எனக்கு ஒண்ணும் வரலியே" என்று நிற்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பணம் மூன்றாவது ஆளிடம் போயாகிவிட்டது.

நிலம் நல்லதா, ஆவணம் சரியா என்பதற்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே பணம் போகும் வழியை மட்டும் பேசுவோம். வங்கி, பத்திரம், சைபர் புகார் பக்கம் தெரிந்தவர்கள் நுணுக்கமாக எழுதுங்கள். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் விற்பவரோ வாங்குபவரோ வெளிநாட்டில் இருக்கும் கிரயம் ஏராளம். நேரில் பார்க்காமல் போனிலேயே பேசி முடிப்பதால் நம் குமரி மாவட்டத்துக்கு இது கூடுதல் ஆபத்து.

#2 கணக்கர்_தக்கலை

முதலில் ஒரு அடிப்படை. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் வரவாவது கணக்கு எண்ணை வைத்துத்தான். படிவத்தில் எழுதும் பெயருக்கும் அந்தக் கணக்கின் பெயருக்கும் பொருத்தம் பார்த்து வரவு வைப்பதில்லை. பெயர் சரியாக இருந்து எண் வேறாக இருந்தால், எண் யாருடையதோ அவருக்குப் போகும். மோசடிக்காரன் நம்பி இருப்பது இந்த ஒரு ஓட்டையைத்தான்.

இதற்காகத்தான் ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் ஒரு உத்தரவு போட்டது. 2025 ஏப்ரல் 1-க்குள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டுக்கும், பணம் அனுப்பும் முன்பே பெறுபவரின் கணக்குப் பெயரைப் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்றது. செயலியில் மட்டுமல்ல, கிளைக்கு நேரில் போகிறவருக்கும் தர வேண்டும். கட்டணம் கிடையாது. கவுண்டரில் படிவத்தை நீட்டும்போதே "பெயர் என்ன காட்டுது, பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள்.

இனிஷியல் முன்னால் பின்னால் இருப்பதும், அப்பா பெயர் விரிந்து வருவதும் சகஜம், அதைக் கண்டு பதற வேண்டாம். ஆள் பெயரே வேறாக இருந்தாலும், ஏதோ ஒரு டிரேடர்ஸ், எண்டர்பிரைசஸ் என்று காட்டினாலும் அங்கேயே நிறுத்துங்கள். "அது என் மச்சான் கணக்கு" என்ற விளக்கத்தை ஏற்கக் கூடாது.

ஆர்டிஜிஎஸ் குறைந்தது 2 லட்சம். ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனியாக அப்போதைக்கப்போதே தீர்ந்துவிடும், தீர்ந்தபின் அனுப்பியவர் ரத்து செய்ய முடியாது. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். இரண்டுமே இப்போது 24 மணி நேரமும் ஓடுவதால், ராத்திரி 11 மணிக்குப் போன பணமும் போனதுதான். முன்பெல்லாம் வங்கி நேரம் முடிந்தால் மறுநாள் வரை ஒரு அவகாசம் கிடைத்தது. இன்று அது இல்லை.

#3 பத்திரநடை

ஒப்பந்தத்திலேயே இதை அடைத்துவிடலாம். கிரய ஒப்பந்தம் எழுதும்போது விலை, அச்சாரம், கெடு எல்லாம் எழுதுகிறோம். அதே பத்தியில் விற்பவரின் வங்கி, கிளை, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீடு) நான்கையும் எழுதிவிட வேண்டும். அடுத்த வரியாக, "மேற்படி கணக்கு அல்லாத வேறு கணக்குக்குச் செலுத்துவதானால் இரு தரப்பும் நேரில் கையெழுத்திட்ட துணை ஒப்பந்தத்தின் பேரில் மட்டுமே செலுத்தப்படும், போன், மின்னஞ்சல், வாட்ஸ்அப் மூலம் வரும் அறிவிப்பு செல்லாது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஆவண எழுத்தர் யாரும் மறுக்க மாட்டார்கள்.

எண்ணை எங்கிருந்து எடுத்து எழுதுவது என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து எழுதக் கூடாது. பாஸ்புக்கை விற்பவர் கையில் கொண்டு வந்து மேசையில் வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஒட்டிய போட்டோ, பெயர், எண் மூன்றையும் ஆதாரோடு பாருங்கள். ஒருவர் எண்ணை வாசிக்க இன்னொருவர் தட்டச்சான தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பது நல்லது. 11 முதல் 16 இலக்கம் வரை வரும் எண்ணில் நடுவில் நான்கைந்து பூஜ்யம் இருந்தால் ஒன்று விட்டுப்போவது ரொம்ப எளிது.

அச்சாரத்தையும் அதே கணக்குக்கே அனுப்புங்கள். பெரிய தொகைக்கு முன்னால் சின்னத் தொகை போய்ச் சேர்ந்ததற்கு அதுவே சாட்சி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அச்சாரம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரில் இருந்து அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தம் கட்டாயப் பதிவுக்கு உரியது. பதியாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்தால் வில்லங்கத்தில் தெரியாது. விற்பவர் அதே வஸ்துவைக் காட்டி இன்னொருவரிடமும் அச்சாரம் வாங்க வழி திறந்தே கிடக்கும்.

#4 முட்டம்_அலை

பத்திரநடை அக்கா, விற்பவர் கத்தாரில் இருக்கிறார், இங்கே அவருடைய தம்பிக்குப் பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம்) கொடுத்திருக்கிறார் என்றால் யார் கணக்குக்குப் போடுவது? தம்பி "என் கணக்குக்கே போடுங்க, அண்ணன் சொல்லியாச்சு" என்பார். பாஸ்புக்கை மேசையில் வைக்க அண்ணன் வரவே முடியாதே.

#5 பழையாறு

முட்டம் தம்பிக்கு. பவர் பத்திரத்தை எடுத்து, "கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ள" அதிகாரம் கொடுத்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விற்க, கையெழுத்திட, பதிவு செய்ய என்று மட்டும் இருந்தால் தம்பிக்குப் பணம் வாங்க அதிகாரமே இல்லை. அந்த வரி இருந்தாலும் அண்ணன் கணக்குக்குப் போடுவதே சரி. அண்ணனுக்கும் தம்பிக்கும் நாளை மனத்தாங்கல் வந்தால் வாங்கியவர் நடுவில் மாட்டுவார்.

வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு இங்குள்ள சொத்துப் பணம் பொதுவாக என்ஆர்ஓ கணக்குக்குத்தான் (வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைக்கும் கணக்கு) வரும். கணக்கு வகையைக் கேளுங்கள். கத்தார்க்காரர் சாதாரண சேமிப்புக் கணக்கு எண் கொடுத்தால், அதுவும் வடநாட்டில் ஏதோ ஒரு ஊர்க் கிளையின் ஐஎஃப்எஸ்சியோடு கொடுத்தால், மறுபடி விசாரிக்காமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது. பாஸ்புக்குக்குப் பதிலாக, வங்கி முத்திரையோடு கணக்கு உறுதிக் கடிதம் கேட்கலாம். கடிதம் வந்தபின் அதில் இருக்கும் போன் எண்ணுக்கு அடிக்காதீர்கள். அந்த வங்கியின் உள்ளூர்க் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

வீடியோ அழைப்பில் அவரே முகம் காட்டி எண்ணை வாசிக்கட்டும். நீங்கள் வாசித்து அவர் "ஆமா" சொல்வது கூடாது. அழைப்பு உங்கள் பக்கமிருந்து, முதல் நாளிலிருந்து பேசிவரும் எண்ணுக்குப் போக வேண்டும். முகத்தையும் குரலையும் போலியாகச் செய்யும் காலம் இது. அதனால் அந்த வஸ்துவில் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்: கிணறு எந்த மூலை, அதிரில் (எல்லையில்) நிற்கும் அயனி மரம் யார் பக்கம் என்று.

வெளிநாட்டில் எழுதி அனுப்பிய பவர் என்றால் இந்தியத் தூதரகத்தில் கையொப்பமாகி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் ஏஜெண்ட் கிரயம் எழுதும்போது, எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று 30 நாளுக்குள் வாங்கியதாக வேண்டும். போலிப் பவர் இந்த இடத்தில்தான் அம்பலமாகும்.

வரிப் பிடித்தம்: விற்பவர் இங்கேயே குடியிருப்பவர், விலை 50 லட்சமோ மேலோ என்றால் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து விற்றாலும் மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதமும் 50 லட்ச வரம்பும் பொருந்தாது. பிடித்தம் அதைவிட எவ்வளவோ கூடுதல், ஆடிட்டரிடம் கேட்காமல் பணம் விடாதீர்கள். "டிடிஎஸ் நாங்களே கட்டிடுறோம், முழுசா அனுப்புங்க" என்று எவன் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம். பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது.

#6 கணக்கர்_தக்கலை

கேன்சல் செக் படத்தைப் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார், பொதுவிலேயே சொல்கிறேன்.

செக்கைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே கிளை முகவரிக்குப் பக்கத்தில் ஐஎஃப்எஸ்சி இருக்கும்: 11 எழுத்து, முதல் 4 வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில 'ஓ' என்று போட்ட போலிகள் உண்டு. கீழே வெள்ளைப் பட்டையில் காந்த மையில் அச்சான எண்வரிசை. முதல் 6 செக் எண். அடுத்த 9 எம்ஐசிஆர்: அதில் முதல் 3 ஊர், நடு 3 வங்கி, கடைசி 3 கிளை. மேலே உள்ள ஐஎஃப்எஸ்சியும் கீழே உள்ள எம்ஐசிஆரும் ஒரே கிளையைக் காட்ட வேண்டும். இரண்டையும் வங்கியின் தளத்தில் தேடினால் ஒரு நிமிட வேலை. பழைய செக்கில் கணக்கு எண்ணையும் பெயரையும் மட்டும் மாற்றி ஒட்டுகிறவன் கீழ்ப் பட்டையை மாற்ற மறந்துவிடுவான். கணக்கு எண் அச்சான இடத்தில் பின்னணிக் கோலம் மங்கித் தெரிந்தால், அல்லது எண்ணின் அடிப்பகுதி ஒரே கோட்டில் இல்லாமல் ஏறி இறங்கினால், அங்கே கை வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் செக் உண்மை என்றுதான் ஆகும். அது விற்பவருடைய செக்கா என்பது வேறு கேள்வி.

#7 நாஞ்சில்வயல்

இத்தனை பாடு எதுக்கு மக்கா? டிடி (வங்கி வரைவோலை) எடுத்துப் பத்திர ஆபீசில் கையில் கொடுத்தால் முடிந்தது. விற்பவர் பெயரில் அக்கவுண்ட் பேயீ டிடி. வேறு ஆள் மாற்ற முடியாது, கணக்கு எண் என்ற பேச்சே இல்லை. பழைய முறைதான் பலமான முறை.

#8 கணக்கர்_தக்கலை

அண்ணே, வாங்குபவர் பக்கம் பார்த்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மீதித் தொகைக்கு டிடிதான் என் முதல் தேர்வும். எழுத்தில் கவனம் வேண்டும். பாஸ்புக்கில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும், இல்லையென்றால் விற்பவர் கணக்கில் ஏறாது. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டி டிடி எடுக்க முடியாது, உங்கள் கணக்கிலிருந்துதான். 3 மாதம் செல்லும். பதிவு தள்ளிப்போனால் ரத்து செய்து பணத்தைத் திருப்பிக்கொள்ளலாம். 2018 செப்டம்பரில் இருந்து எடுத்தவர் பெயரும் டிடியிலேயே அச்சாகிறது.

விற்பவருக்குத்தான் அதில் பயம். கலர் பிரிண்டில் போலி டிடி அடிக்கிறார்கள். டிடி எடுக்கும்போது விற்பவரும் கூடவே கிளைக்கு வரட்டும், கவுண்டரில் இருந்து வெளியே வருவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அது முடியாவிட்டால் முந்தின நாளே டிடி எண்ணைச் சொல்லி, எடுத்த கிளையில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆர்டிஜிஎஸ்தான் என்றால், பயனாளியைப் பதிவு நாளன்று சேர்க்காதீர்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்குத் தொடக்கத்தில் தொகை வரம்பு வைக்கும் வங்கிகள் பல. சார்பதிவாளர் முன்னால் டோக்கன் கூப்பிடும் நேரத்தில் செயலி தடுத்தால், பதற்றத்தில் "சரி, இந்தக் கணக்குக்குப் போடுங்க" என்பதற்கு ஆள் தயாராக இருப்பான். நான்கைந்து நாள் முன்பே சேர்த்து, 1 ரூபாய் அனுப்பி, வந்த பெயரைக் குறித்து வையுங்கள். அனுப்பிவிட்டு "வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கு, எவ்வளவு வந்திருக்கு, பாஸ்புக் பதிஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள்.

#9 வேளிமலை

ஒரு நாள் முன்னால் சரியாக எப்படி வருகிறான் என்பதையும் எழுதுகிறேன். வரைவுப் பத்திரத்தில் எல்லாமே இருக்கிறது: இரு தரப்புப் பெயர், பான், ஆதார், விலை, மீதித் தொகை. அந்தக் கோப்பு நகலகம், பிரவுசிங் சென்டர், தரகர் போன், வக்கீல் மின்னஞ்சல் என்று நான்கு இடம் சுற்றுகிறது. பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து மூடாமல் வந்தால், அந்தக் கணினியில் உட்காருகிறவர் உங்கள் பேச்சு முழுவதையும் படிக்கலாம், உங்கள் பெயரில் பதிலும் போடலாம். வாட்ஸ்அப் அமைப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து, தெரியாதது எதுவோ அதை வெளியேற்றுங்கள்.

இன்னொரு வழி கூரியர் பையன் வேடம். "பார்சல் வந்திருக்கு, இந்த எண்ணை அடிங்க" என்று *401* என்று தொடங்கும் ஒரு எண்ணை அடிக்கச் சொல்வான். அது அழைப்புத் திருப்பல். அதன்பின் வாட்ஸ்அப் உறுதிக் குறியீட்டை அழைப்பாகக் கேட்டால் அவனுக்குப் போகும், கணக்கே அவன் கைக்குப் போய்விடும். *#21# அடித்தால் திருப்பல் இருக்கிறதா என்று தெரியும், ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின் வைத்திருந்தால் இந்த வழி அடைபடும். விற்பவரும் வைக்க வேண்டும், இதில் பலவீனமான பக்கம் பெரும்பாலும் அவர்தான்.

மின்னஞ்சலில் வருவது இன்னும் நுணுக்கம். முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கும், போன் திரையில் வித்தியாசமே தெரியாது. மின்னஞ்சல் அமைப்பில் பார்வர்டிங், பில்டர் (கடிதங்களைத் தானாகத் திருப்பிவிடும் விதிகள்) இரண்டையும் திறந்து பாருங்கள். உங்கள் கடிதம் ஒவ்வொன்றும் தெரியாத முகவரிக்கு நகலாகப் போய்க்கொண்டிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி தானாக அழியாது.

#10 கிள்ளியூர்_தோப்பு

இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

வாரிசு வஸ்து. அப்பா பெயரில் கிடந்ததை நான்கு மக்கள் சேர்ந்து விற்கும்போது, மூத்தவர் கணக்குக்கு மொத்தத்தையும் போடுவது நம்ம ஊர் வழக்கம். வேண்டாம். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவர் கணக்குக்கும் அவரவர் பங்கை அனுப்பி, நான்கு யுடிஆர் எண்ணையும் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்) தேதியோடு கிரயப் பத்திரத்தில் எழுதுங்கள். ஆளுக்கொரு டிடி என்றால் டிடி எண். கட்டிக்கொடுத்த மகள் "எனக்கு எதுவும் வரலை" என்று பின்னால் கேட்டால் பத்திரமே பதில் சொல்லும்.

அடுத்தது வங்கிக் கடன் உள்ள வீடு. வில்லங்கத்தில் உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவு (கடனுக்காக மூல ஆவணத்தை வங்கியிடம் வைத்ததன் பதிவு) தெரிந்தால், கடன் பாக்கியை விற்பவர் கையில் கொடுத்து "நீங்க கட்டிடுங்க" என்பது பெரிய தப்பு. விற்பவரோடு அந்தக் கிளைக்கே போய் நிலுவைக் கடிதம் வாங்குங்கள், டிடியை வங்கி பெயரில், கடன் கணக்கு எண்ணோடு எடுத்து அங்கேயே கட்டுங்கள். "கடன் அடைப்புப் பிரிவு" என்று போனில் வரும் எண்ணுக்கு எதுவும் அனுப்பாதீர்கள். முழுக்கக் கட்டியபின் 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. ஒப்படைப்பை நீக்கும் ரசீதையும் பதிவு செய்யவில்லை என்றால் வில்லங்கத்தில் கடன் நின்றுகொண்டே இருக்கும்.

#11 பத்திரநடை

கிள்ளியூர் அக்கா சொன்ன யுடிஆர் விற்பவருக்கும் காவல். ஆர்டிஜிஎஸ் யுடிஆர் 22 எழுத்து, நெஃப்ட் 16. வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ குறுஞ்செய்தியையோ பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். "பரிமாற்றம் நடக்கிறது" என்ற நிலையும் வரவு ஆகாது. உங்கள் கிளையிலோ உங்கள் சொந்தச் செயலியிலோ இருப்பு ஏறியதைப் பார்த்தபின் கைரேகை வையுங்கள்.

பதிவுக் கட்டணத்துக்கும் போலித் தளங்கள் உண்டு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் என்பது சின்னத் தொகை இல்லை. பதிவுத் துறைத் தளத்தின் முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடியும். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போகாதீர்கள்.

#12 பழையாறு

போய்விட்டால் என்ன செய்வது என்பதை யாரும் எழுதவில்லை. நேரம்தான் எல்லாம்.

முதல் அழைப்பு 1930, சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் போன வங்கி, கணக்கு எண், யுடிஆர், தொகை, நேரம் ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இந்த விவரம் உடனே பெற்ற வங்கிக்குப் போய், அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். பணம் ஒரே கணக்கில் தங்காது. சில நிமிடங்களில் பத்து இருபது வாடகைக் கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மிலும் கிரிப்டோவிலும் கரையும். பத்து நிமிடத்தில் சொன்னால் முதல் கணக்கிலேயே பிடிபட வாய்ப்பு. மறுநாள் சொன்னால் துரத்துவதுதான். 1930 கிடைக்காமல் இழுத்தால் காத்திருக்க வேண்டாம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நேரடியாகப் பதியுங்கள். கூட ஒருவர் இருந்தால் அவர் அதே நேரத்தில் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கட்டும்.

பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். ஒப்பந்த நகல், வங்கி அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் ஏற்றுமதி, மின்னஞ்சல் என்றால் முழுத் தலைப்புப் பகுதி எல்லாம் வேண்டும். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்த எண்ணைத் தடை செய்யவும் வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்ற 2017 ரிசர்வ் வங்கி விதியைப் பலர் இதற்கும் சொல்கிறார்கள். அது உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்கானது. இங்கே நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே ஓடிபி கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். வங்கி அதை ஈடு செய்யாது. புகார் கொடுத்தும் நடவடிக்கை எடுக்காமல் வங்கி இழுத்தடித்தால், 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

#13 முட்டம்_அலை

நிறுத்தி வைத்த பணம் தானாகத் திரும்புமா அண்ணே?

#14 பழையாறு

தானாக வராது தம்பி. நிறுத்தி வைப்பது முதல் பாதிதான். பணத்தை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் மனுப் போடலாம். மனுவில் எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று தனித்தனியாக எழுத வேண்டும், அந்த விவரம் விசாரணை அதிகாரியிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். புகார் ஒப்புகை எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள், வங்கியும் போலீசும் நீதிமன்றமும் முதலில் கேட்பது அதைத்தான்.

இதற்கிடையில் ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். விற்பவருக்கு உடனே பதிவுத் தபாலில், நடந்ததையும் புகார் எண்ணையும் சொல்லி, கெடுவை நீட்டிக்கக் கேட்டு எழுதுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் நீட்டிப்பை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் கிறுக்காமல் தனி ஆவணமாக எழுதிப் பதியுங்கள்.